என் இடத்தில் உட்கார்ந்து போன விமானம்

என் வீட்டுக்காரர் இருபது வருஷத்துக்கு மேலாகக் கண்டியில் த்ரீவீல் ஓட்டுகிறார். போன வருஷம் முழுவதும் நான் அந்த வண்டியில் ஏறவில்லை. எங்களுக்குள் சண்டை என்று நினைக்க வேண்டாம். ஒரே வீட்டில் இருந்தோம், ஒரே சட்டியில் ஆக்கியதைச் சாப்பிட்டோம், டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லி வழக்கம்போல் வாய்த்தகராறும் பட்டுக்கொண்டோம். வண்டியில் மட்டும் ஏறமாட்டேன் என்றிருந்தேன்.

காரணம் மஹய்யாவயில் எங்கள் வரிசையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஹந்தானையில் என் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு மழையில் இறங்கி வரும்போது, பெரிய வளைவில் எதிரே ஒரு லொறி வந்தது. இவர் ஒதுங்கினார். வண்டி மேட்டுப்பக்கத்துத் தண்ணீர்க் காணுக்குள் சறுக்கிச் சாய்ந்துவிட்டது. அவருக்கு முழங்காலில் சிராய்ப்பு. எனக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. நான் தையல் வேலை செய்கிறவள். இரண்டு மாதம் மெஷினைத் தொட முடியவில்லை. கை கூடிவிட்டது, பயம் போகவில்லை. வண்டி வாசலிலேயே நிற்கும், நான் அதைச் சுற்றிக்கொண்டு போய் பஸ் ஏறுவேன். மழையில் நனைந்து வந்தாலும் அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ‘ஏறு’ என்று ஒருநாள் அதட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன். அவர் பேசாமல் இருந்தது எனக்கு வலித்தது.

அப்படியிருக்கும்போதுதான் அந்தப் பெட்டி வந்தது. வாடிக்கையாக இவருடைய வண்டியில் போய்வந்த ஒரு குடும்பம் வெளிநாட்டில் குடியேறப் போனது. வீட்டை ஒழிக்கும்போது கதிரை, மேசை, அலுமாரி எல்லாம் யார் யாருக்கோ போக, இவருக்கு ஒரு நீளமான அட்டைப்பெட்டி கிடைத்தது. அதை நேராகக் கொண்டுவந்து என் வெட்டுமேசையில் வைத்தார். மேசையில் பதினோரு பாடசாலைச் சட்டைகள் வெட்டிக் கிடந்தன. நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன்.

“உள்ளுக்குப் பிளேன் இருக்கு புள்ள. துண்டு துண்டாத்தான் இருக்கு,” என்றார்.

அந்த முகத்தைப் பார்த்தபிறகு எப்படிக் கத்துவது? இந்த மனுஷன் ரோட்டில் ஆளேற்றி ஹயர் போகும்போதே ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் தலையை வெளியே நீட்டுகிற ஆள். வயது ஐம்பத்துநாலு.

எனக்கு விமானத்தில் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. ஆனால் மூடிக்கிடக்கிற எந்தச் சாமானையும் திறந்து பார்க்காமல் இருக்க என்னால் முடியாது. கார்மெண்டில் வேலை செய்த காலத்தில் மெஷின் நின்றால் மெக்கானிக் வர அரைநாள் ஆகும். அவர் வருவதற்குள் நானே கழற்றிப் பார்த்துவிடுவேன். ஏச்சும் வாங்கியிருக்கிறேன், கெட்டிக்காரி என்ற பெயரும் வாங்கியிருக்கிறேன். அன்று இரவுச் சோற்றுக்குப் பிறகு சட்டைத் துணிகளை ஒதுக்கி வைத்துவிட்டு, பெட்டியில் இருந்ததையெல்லாம் மேசையில் பரப்பினேன்.

உடம்பும் இறக்கைகளும் வெள்ளைப் போம். புது டிவி வாங்கினால் பெட்டிக்குள் முட்டுக்கொடுத்து வருமே, அந்த இனம்தான், கொஞ்சம் கெட்டியானது. இரண்டு இறக்கைகளையும் இணைக்க ஒரு கறுப்புக் குழாய். வாலுக்கு ஒரு படுத்த துண்டு, ஒரு நின்ற துண்டு. ஒரு விசிறி. பிறகு ஒரு பொலித்தீன் பைக்குள் சின்னச் சின்னதாய் வயர் முளைத்த சாமான்கள். இரண்டு குச்சி வைத்த பெரிய ரிமோட் ஒன்று. கூடவே வந்த விளக்கப் புத்தகத்தில் சீன எழுத்துப் பாதி, இங்கிலீஷ் மீதி. எங்களுக்குப் படம்தான் உதவியது.

இவர் முதலில் மோட்டரை எடுத்துக் காதருகே வைத்துச் சுற்றினார். எஞ்சின் என்றார். சரி, எஞ்சின். அதிலிருந்து மூன்று வயர்கள் ஒரு தட்டையான சின்னப் பெட்டிக்குப் போயின. அதுதான் பெட்டரியிடமிருந்து கரண்டை வாங்கி, எவ்வளவு வேகம் வேண்டுமோ அவ்வளவை மட்டும் மோட்டருக்குக் கொடுப்பது. இவர் அதைக் காபரேட்டர் என்றே கடைசிவரை சொன்னார். தீப்பெட்டி அளவில் இன்னொன்று, மீசை போல இரண்டு மெல்லிய வயரோடு. ரிமோட் சொல்வதைக் கேட்கிற சாமான். அதற்கு நான் ‘காது’ என்று பேர் வைத்தேன்.

எனக்கு மிகவும் பிடித்தது சர்வோ. கட்டைவிரல் அளவுப் பெட்டி, தலையில் ஒரு சின்னக் கை. நாலு சர்வோ இருந்தன. ரிமோட் குச்சியை இந்தப் பக்கம் அசைத்தால் அந்தக் கை இந்தப் பக்கம் திரும்பும், விட்டால் நடுவுக்கு வந்து நிற்கும். கையிலிருந்து ஒரு கம்பி போய் இறக்கையின் ஓரத்தையோ வாலின் ஓரத்தையோ பிடித்திருக்கும். கை இழுத்தால் ஓரம் மேலே மடியும், தள்ளினால் கீழே மடியும். விமானம் ஏறுவது, இறங்குவது, திரும்புவது எல்லாம் இந்த நாலு ஓரங்கள் மடிவதில்தான் இருக்கிறது. எவ்வளவு சின்ன விஷயம். நான் ரிமோட்டை வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் சும்மா அதையே ஆட்டிக்கொண்டிருந்தேன். சொன்னதும் சொன்னபடி கேட்கிறதற்கு இந்த வீட்டில் இப்போதாவது ஒன்று வந்ததே என்றேன். அவர் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஆளுக்கொரு தேத்தண்ணியோடு மேசைக்கு வந்துவிடுவோம். சட்டைகள் பிந்தின. பிள்ளைகளின் தாய்மாரிடம் பொத்தான் வரவில்லை என்று பொய் சொன்னேன். பெட்டியோடு வந்த பெட்டரி வீங்கியிருந்தது. டவுனில் போன் திருத்துகிற கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். எங்கள் போன்களுக்கெல்லாம் அவர்தான் வைத்தியர். அவர் அதைத் தொடக்கூட விரும்பவில்லை.

“அக்கா, இத சார்ஜ் பண்ண வேணாம். ஊட்டுக்குள்ள வைக்கவும் வேணாம், பத்திக்கும்,” என்று சொல்லி வாங்கி வெளியே ஒரு மண்வாளிக்குள் போட்டுவிட்டார். அதே அளவில் புதியது ஒன்றைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தும் தந்தார்.

புதுப் பெட்டரியை மாட்டி விசிறியை முதன்முறை சுற்றவிட்ட நாளை மறக்கமாட்டேன். நான் உடம்பைப் பிடித்துக்கொண்டேன், அவர் குச்சியை லேசாக உயர்த்தினார். விசிறி சுற்றியது. ஆனால் காற்று பின்னால் வராமல் முன்னால் அடித்தது. என் அளவுத்தாள்கள் எல்லாம் மேசைக்கு அந்தப் பக்கம் பறந்தன, விமானம் என் வயிற்றை நோக்கிப் பின்னால் வந்தது. ரிவர்ஸ் விழுந்திருக்கு என்று இவர் கியரைத் தேடினார். மூன்று வயரில் ஏதாவது இரண்டை மாற்றிச் செருகினால் போதும் என்பதை நான் புத்தகத்தின் கடைசிப் படத்தில் கண்டுபிடித்தேன். மாற்றினேன். காற்று சரியான பக்கம் அடித்தது. அன்று முழுவதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பறக்கவிட இடம் வேண்டும். ஹந்தானையில் தொழிலாளர் லயத்துக்கு மேலே, தோட்டத்துப் பையன்கள் கிரிக்கெட் அடிக்கிற மைதானம் இருக்கிறது. வேலைநாளில் காலையில் யாரும் வரமாட்டார்கள். என் அக்காவின் வீட்டுக்காரர் தோட்டத்தில் சொல்லி அனுமதி வாங்கித் தந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை போவதாக முடிவு.

அதாவது அவர் வண்டியில் போவார், நான் பஸ்ஸில் வருவேன். இதைப்பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை, அதுவாகவே அப்படி முடிவாகியிருந்தது. இறக்கைகளைக் கழற்றிக் காலடியில் சாய்த்தார். உடம்பைப் பின் சீட்டின் நடுவில் நிற்கவைத்து என் பழைய சால்வையால் கட்டினார். குட் ஷெட் பஸ் ஸ்டாண்டில் நான் ஏறிய பஸ் மேட்டில் மூச்சுவாங்கிக்கொண்டு போகும்போது, இவருடைய வண்டி எங்களைத் தாண்டிப் போனது. ஜன்னலால் பார்க்கிறேன், என் இடத்தில் என் சால்வையைப் போர்த்திக்கொண்டு அந்த விமானம் மகாராணி கணக்காய் உட்கார்ந்து போகிறது. எனக்கு வந்த பொறாமையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஏறமாட்டேன் என்றது நான்தான். ஆனாலும் வந்தது.

மைதானத்தில் இறக்கைகளைப் பூட்டினோம். புத்தகத்தில் காட்டியபடி இறக்கைக்குக் கீழே இரண்டு விரல்களை வைத்துத் தூக்கிப் பார்த்தேன். வால் தாழ்ந்தது. பெட்டரியை ஒரு விரற்கடை முன்னால் தள்ளியதும் மூக்கு லேசாகக் குனிந்து நின்றது. அதுதான் சரி. நான் ஓடிப்போய் எறிவது, அவர் ஓட்டுவது என்று ஏற்பாடு.

எறிந்தேன். விமானம் கொஞ்ச தூரம் அழகாகப் போனது, பிறகு சோர்ந்து தாழ்ந்தது. இவர் பதறினார். உடனே மூக்கை வானத்துக்குத் தூக்கியது, அப்படியே ஒரு நிமிஷம் யோசித்த மாதிரி நின்றது, தலைகீழாகத் தேயிலைக்குள் விழுந்தது. இரண்டாவது முறையும் அப்படியே. மூன்றாவது முறையும் அப்படியே. மேலே மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கைவேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் இவர் தேயிலைப் பத்தைகளுக்குள் இறங்கி அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். நாலாவது முறை வரும்போது ரிமோட்டைப் புல்லில் வைத்துவிட்டார்.

“எனக்கு இனி எந்த வண்டியும் சரிவராது போல,” என்றார்.

விமானத்தைப் பற்றி மட்டும் அவர் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஒரு வருஷத்தில் அந்த விபத்தைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்தது அந்த ஒரு வார்த்தைதான். நல்லதாக ஏதாவது சொல்லத் தோன்றவில்லை. ஆகவே கோபப்பட்டேன். எடுங்கள் ரிமோட்டை, இன்னொரு தடவை விடுங்கள், நான் உங்கள் கையைப் பார்க்க வேண்டும் என்றேன்.

இந்தமுறை எறிந்துவிட்டு விமானத்தைப் பார்க்கவில்லை. திரும்பி அவருடைய கையைப் பார்த்தேன். விமானம் தாழ்ந்ததும் அவருக்கு வேகம் வேண்டும். வேகத்துக்கான குச்சி இடது கையில் இருந்தது. ஆனால் அவருடைய வலது மணிக்கட்டுத்தான் தன்னை நோக்கி மடங்கியது, த்ரீவீலில் அக்ஸிலேட்டரை முறுக்குகிறபோது மடங்குமே, அச்சாக அதே மாதிரி. வலது குச்சியைத் தன் பக்கம் இழுத்தால் விமானம் மூக்கைத் தூக்கும். வேகம் கூடாமல் மூக்கு மட்டும் தூக்கினால் விழாமல் என்ன செய்யும்? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புல்லில் உட்கார்ந்து சிரித்தேன்.

“நீங்க பிளேன் ஓட்டலங்க. மேல போறதும் த்ரீவீல்தான்,” என்றேன்.

அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். இருபது வருஷக் கையை மாற்றமுடியுமா? கையை மாற்ற முடியாது. ரிமோட்டை மாற்றலாமே.

வீட்டுக்கு வந்து தையல்மெஷின் ஸ்க்ரூட்ரைவரால் ரிமோட்டின் முதுகைத் திறந்தேன். ஒவ்வொரு குச்சிக்கும் கீழே குட்டிச் சுருள்கம்பிகள். விட்டால் நடுவுக்கு வருகிற குச்சிக்கு ஒரு மாதிரி, விட்ட இடத்தில் நிற்கிற குச்சிக்கு, அதாவது வேகக் குச்சிக்கு, வேறு மாதிரித் தகடு. ஊசிக்கண்ணில் நூல் கோக்கிற பொறுமையோடு இரண்டையும் இடம் மாற்றினேன். ஒரு சுருள்கம்பி துள்ளிப்போய் அலுமாரிக்கு அடியில் ஒளிந்துகொண்டது. இரண்டு பேரும் தரையில் குப்புறப் படுத்துத் தேடினோம். பிறகு ரிமோட்டின் திரையில் வேகத்தை வலது கைக்கு மாற்றினேன், மூக்கை இடது கைக்கு. அதோடு விடவில்லை. எல்லோருக்கும் குச்சியை மேலே தள்ளினால் வேகம் கூடும், இவருக்குத் தன் பக்கம் இழுத்தால்தான் கூடவேண்டும். அதையும் தலைகீழாக்கினேன். விசிறியைக் கழற்றி வைத்துவிட்டுப் பத்துமுறை சோதித்தேன். போன் கடைக்காரர் கேட்டுவிட்டு, உலகத்தில் இப்படி ஒரு ரிமோட் இருக்காது என்றார். உலகத்தைப் பற்றி எனக்கென்ன கவலை.

அடுத்த செவ்வாய் மறுபடியும் அவர் வண்டியில், நான் பஸ்ஸில், விமானம் என் இடத்தில். வானம் சுத்தமாக இருந்தது. எறிவதற்கு முன் அவர் குச்சிகளை ஒவ்வொன்றாக அசைக்க, நான் இறக்கையையும் வாலையும் பார்த்து, சரி, சரி என்று சொல்லிக்கொண்டு வந்தேன். பிறகு ஓடி எறிந்தேன்.

தாழ்ந்தது. அவர் பதறினார். வலது மணிக்கட்டு மடங்கியது. விசிறி இரைந்தது, விமானம் நேராக ஏறியது.

ஏறிக்கொண்டே போனது. தேயிலைக்கு மேலே, லயத்துக் கூரைகளுக்கு மேலே, பச்சை மலையின் பக்கம் வெள்ளையாக. அவர் அதைத் திருப்பினார், அது திரும்பியது. என் கையால் மாட்டிய கம்பி, என் கையால் பூட்டிய காது, நான் இடம் மாற்றிய வயர், எல்லாம் அங்கே மேலே சொன்ன சொல் கேட்டுக்கொண்டிருந்தன. நான் இரண்டு கையையும் தட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடினேன். நாற்பத்தொன்பது வயதில் ஓடினேன். கொழுந்தெடுக்கிற பெண்களில் ஒருவர் மேலிருந்து, அதில் கமெரா இருக்கிறதா, தன்னையும் எடுக்குமா என்று கேட்டார். கமெரா இல்லை, கையை ஆட்டுங்கள் என்றேன். ஏழெட்டுப் பேர் வரிசையாக நின்று விமானத்துக்குக் கை ஆட்டினார்கள். என் வீட்டுக்காரர் திறந்த வாயை மூடவில்லை.

இறக்குவதுதான் கஷ்டம். புல்லில் இறக்கப் பார்த்தார், அது கிரிக்கெட் பிட்ச்சின் சீமெந்து விளிம்பில் மூக்கைக் கொண்டுபோய் இடித்தது. மூக்குப் போம் உடைந்து, மோட்டர் மூன்று வயரில் தொங்கியது. வேறு சேதம் இல்லை. பசை போட்டு ஒட்டிவிடலாம். ஆனால் அதைச் சீட்டில் கட்டிக் கொண்டுபோனால் குலுக்கலில் வயர்கள் வேரோடு பிய்ந்துவிடும். உடம்பையும் மோட்டரையும் சேர்த்து யாராவது மடியில் பிடித்துக்கொண்டு வரவேண்டும். இரண்டு பேருக்கும் அது ஒரே நேரத்தில் புரிந்தது. அவர் என்னைக் கேட்கவில்லை. மெதுவாக ஓட்டிப் பார்க்கிறேன் என்று விமானத்தை வாங்கக் கை நீட்டினார்.

நான் கொடுக்கவில்லை. வண்டியைப் பார்த்தேன். இருபது வருஷம் எனக்குச் சோறு போட்ட வண்டி, அதை ஒருநாளும் நான் திறந்து பார்த்ததில்லை என்று அப்போதுதான் உறைத்தது. திறந்து பார்க்காத சாமானில் உட்கார்ந்து விழுந்தால் பயம் எப்படிப் போகும்?

“எனக்கு இதோட பிரேக்கத் தொறந்து காட்டுங்க,” என்றேன்.

அவர் ஏன் என்று கேட்கவில்லை. ஜாக்கி வைத்து ஒரு சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே இருந்த வட்டமான மூடியை எடுத்தார். பிறை வடிவில் இரண்டு துண்டுகள், மிதித்தால் விரிந்து சக்கரத்தை உள்ளிருந்து பிடிப்பவை. அவர் மிதித்தார், நான் குனிந்து பார்த்தேன். விரிந்தன. விட்டார், ஒடுங்கின. எண்ணெய் போகிற குழாயை விரலால் தடவிப் பார்த்தேன், கசிவு இல்லை. துண்டுகள் புதிதாக இருந்தன. விபத்து நடந்த கிழமைக்குள்ளேயே மூன்று சக்கரத்துக்கும் புதிது போட்டதாகச் சொன்னார். என்னிடம் சொல்லவில்லையே என்றேன். சொன்னால் பழசு கெட்டுக் கிடந்தது என்று நினைத்துவிடுவேனோ என்று பயமாம்.

“அன்னைக்கும் பிரேக் பிடிச்சுச்சு புள்ள. ரோட்டுதான் பிடிக்கல,” என்றார்.

நம்பினேன். கண்ணால் பார்த்ததால் நம்பினேன். அவர் சக்கரத்தைத் திரும்ப முடுக்கும்வரை நின்று, ஒவ்வொரு நட்டையும் நானும் ஒருமுறை இறுக்கிப் பார்த்துவிட்டு, பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். பயமாக இருந்தது. பயமாக இருக்கிறது, மெதுவாகப் போங்கள் என்று வாய்விட்டே சொன்னேன். சரி என்றார். இடது கையில் விமானத்தின் உடம்பு, வலது கையில் மோட்டர், சீட்டுக்கு முன்னாலிருக்கிற கம்பியைப் பிடிக்க எனக்குக் கை மிச்சமில்லை.

வண்டி இறங்கியது. எந்தப் பசை போடுவது என்று பேச்சு வந்தது. சைக்கிள் டியூப் பசை போட்டால் போம் உருகிவிடும் என்றேன். அவர் உருகாது என்றார். நீங்கள் மெஷினுக்குப் போட்ட எண்ணெய்க் கதை தெரியாதா என்று பழைய விஷயத்தை எடுத்தேன், அவர் அதற்கு அக்கா வீட்டு மிக்ஸியை நான் கழற்றிய கதையை எடுத்தார். நல்ல சூடான வாக்குவாதம். திடீரென்று எனக்கு ஞாபகம் வந்து, மோட்டரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னால் எட்டிப் பார்த்தேன்.

“அந்த வளைவு எப்பங்க வரும்?”

முன்னால் டவுனின் முதல் கடைகள் தெரிந்தன.

“அது அப்பவே போயிருச்சு புள்ள,” என்றார்.